திறக்காத கண்ணாடி மூடி

அத்தியாயம் 6

செத்துப்போனவர் கடைசியாக உட்கார்ந்திருந்த சீட்டில் போய் உட்கார் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? மைலோ புருசாக்குக்குப் பிடிக்கவில்லை.

“பாஸ், எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு.”

“போன வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு நாலாவது தடவை தட்டைத் தூக்கிட்டு எழுந்து போனியே, அப்ப பிடிக்கலையா? ஏறுறதுக்குத் தயாரா இரு,” என்றார் தோரா வாண்டஹே.

தோரா அம்மாளுக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. பாதி ஆயுளைத் தீ விபத்துகளை விசாரிப்பதில் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கத் தெரியாமல் துப்பறிய வந்தவர். ஒரு முட்டி மடங்காது. அதனால் ஏறுவது, குதிப்பது, ஊர்ந்து போவது, நாயிடம் கடி வாங்குவது எல்லாம் மைலோவின் இலாகா.

இரண்டு பேரும் நின்றிருந்தது விஸ்கான்சினில் ஒரு புல் ஓடுபாதையின் ஓரத்தில், விமானம் நிறுத்தும் தகர ஹேங்கரில். வெளியே சோளம் அறுத்த வயல் முழுக்க உறைபனி. நாளை மான் வேட்டை தொடக்கம் என்பதால் ஊரே துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது. ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரிஃபும்தான். அந்த அவசரத்தில் இந்த வழக்கை இன்று சாயந்திரத்துக்குள் மூடிவிட அவர் துடித்தார்.

ஹேங்கர் நடுவில் அந்த விமானம் நின்றது. இரண்டு பேர் உட்காரும் சின்ன அலுமினிய விமானம். ஆரின் லிண்ட்விக் ஒன்பது வருஷம் தன் கையாலேயே தட்டித் தட்டிக் கட்டியது. அது இன்னும் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. அதற்குள் திங்கட்கிழமை அவர் உயிரை வாங்கிவிட்டது.

வாங்கிய விதம் இப்படி. விமானி தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடி பின்னால் தள்ளித் திறப்பது. அது ஓடுவதற்கு விமானத்தின் முதுகில் ஒரு தண்டவாளம் உண்டு. மூடி வேகமாகப் பின்னால் போய்க் கழன்று விழாமலிருக்கத் தண்டவாளத்தின் கடைசியில் ஒரு தடுப்புக் கட்டை. விரல் நீளம்தான் இருக்கும். ஒரே போல்ட், ஒரே நட். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அதை மாட்டியவள் ஆரினின் மகள் மாரிட்.

மறுநாள் ஆரின் உள்ளே உட்கார்ந்து, மூடியை இழுத்து மூடிக்கொண்டு, விளிம்பில் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். மூடிய நிலையில் ஒட்டினால்தான் மழை ஒழுகாது. ஒட்டுவதற்கு முன்னால் துடைக்கிற திரவம் இருக்கிறதே, அது மூச்சை அடைக்கிற சரக்கு. கொஞ்சம் துடைப்பார், மூடியைத் தள்ளித் திறந்து மூச்சு வாங்குவார், மறுபடி மூடிக்கொள்வார். அந்தத் தடவை தள்ளினார், திறக்கவில்லை. கடைசியில் இருக்க வேண்டிய கட்டை முன்னால் வந்து மூடியை முட்டிக்கொண்டு நின்றது. திரவ டப்பா அவர் மடியிலேயே கவிழ்ந்திருந்தது; அந்த நெடியில் மூச்சு முட்டியே செத்துப்போனார்.

மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்த மாரிட்தான் பார்த்தாள். கட்டையைப் பிடித்துத் தள்ளினாள். அது சுலபமாக நகர்ந்து கையோடு வந்தது. நட் அவ்வளவு தளர்வாக இருந்தது.

‘மகள் நட்டைச் சரியாக முடுக்கவில்லை, கட்டை தானாக வழுக்கி முன்னால் வந்துவிட்டது’ என்று ஷெரிஃப் முடிவுகட்டிவிட்டார்.

மாரிட் இப்போது ஹேங்கர் வாசலில் நின்றாள். அப்பாவின் ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு தோளில் தொங்கியது. திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் இந்த நிலைப்படியைத் தாண்டவில்லை.

“மேடம், எனக்கு ஆறுதல் சொல்றதுக்கு உங்களைக் கூப்பிடலை,” என்றாள். “என் கையாலதான் அப்பா செத்தாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. ஆமான்னாலும் தாங்கிக்குவேன். இப்படித் தெரியாம இருக்கறதுதான் என்னால முடியல.”

“நட்டை இறுக்கினது உனக்கு ஞாபகம் இருக்காம்மா?”

“நல்லா ஞாபகம் இருக்கு. இறுக்கிட்டு மஞ்சள் கோடும் போட்டேன். ஆனா திங்கக்கிழமை இதே கையில அது ஆடிச்சே! நான் எதை நம்பறது?”

அந்த ஊர் விமானம் கட்டுகிறவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். நட்டை இறுக்கியதும் நட்டிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் சாயத்தால் ஒரு கோடு இழுப்பார்கள். பிறகு நட் இம்மியளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கட்டுகிறவர்களுக்கு மஞ்சள். அதன் குறுக்கே, வேறொருவர் சரிபார்த்ததற்கு அடையாளமாகச் சிவப்பு. தன் வேலையைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது அவர்கள் சங்கத்தின் சட்டம்.

“நீ போய் வெளியே போலீஸ் கார்ல உட்காரு,” என்றார் தோரா. “ஷெரிஃபோட டெபுடி ஹீட்டர் போட்டு வெச்சிருப்பான். நான் கூப்பிடறப்போ வா.”

அவள் தலை மறைந்ததும் தோரா மைலோவிடம் கையை நீட்டினார்.

“வாயில என்ன?”

“எலுமிச்சை மிட்டாய்.”

“புதுசா ஒண்ணு கொடு.”

உருண்டை மிட்டாய். தோரா அதைத் தண்டவாளத்தின் மேல், கண்ணாடி மூடியை ஒட்டி வைத்தார். மிட்டாய் கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக உருண்டு, வேகம் பிடித்து, வால் பக்கம் ஓடித் தரையில் விழுந்தது.

“அடடா, அது கடைசி மிட்டாய் பாஸ்!”

“இந்த விமானத்துக்கு மூணாவது சக்கரம் எங்க இருக்கு?”

“வாலுக்கு அடியில.”

“அப்போ தரையில எப்படி நிக்குது?”

“மூக்கைத் தூக்கிட்டு. குந்தி உட்கார்ந்த நாய் மாதிரி...” மைலோ பாதியில் நிறுத்தினான். “பாஸ்! தளர்ந்த கட்டை பின்னாலதானே வழுக்கும்? மேட்டுல ஏறி முன்னால எப்படி வரும்?”

“ஷெரிஃபைக் கேளு. அவருக்கு மேடு எது பள்ளம் எதுன்னு மான் விழுந்தாதான் தெரியும். இன்னொண்ணு சொல்லு. கட்டை மாரிட் கைக்கு வழி விட்டுது. அப்படித் தளர்வா இருந்திருந்தா, உள்ளேயிருந்து ஆரின் தள்ளினப்போ?”

மைலோவுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. “அவருக்கும் வழி விட்டிருக்கும்!”

“தளர்வா இருந்தா அடைக்காது. இறுக்கமா இருந்தா நகராது. ஆக, அவர் செத்தப்போ அது இறுக்கமா இருந்துது. மாரிட் வந்தப்போ தளர்வா இருந்துது. நடுவுல ஒரு கை புகுந்திருக்கு. ஆரின் உள்ளே குனிஞ்சு ரேடியோ கேட்டுக்கிட்டே ஒட்டிக்கிட்டிருக்கார். ஒருத்தன் சத்தமில்லாம வந்து கட்டையைக் கழட்டி, முன்னால கொண்டாந்து முடுக்கிட்டான். எல்லாம் முடிஞ்சப்புறம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்து, கட்டை தானா வழுக்கினதா தெரியட்டும்னு ஒரு சுத்து தளர்த்திட்டுப் போயிட்டான்.”

ஹேங்கருக்குள் திடீரென்று குளிர் அதிகமானது போல மைலோவுக்குத் தோன்றியது. தகரம் எங்கோ சுருங்கி ‘டிக்’ என்றது.

“பக்கத்து ஹேங்கர் ரோலண்ட்தான் பாஸ். பனியை அள்ளி ஆரின் வாசல்ல கொட்டறான்னு போன வருஷம் பெரிய சண்டை. நான் அடிச்சுச் சொல்றேன்.”

“நீ அடிச்சுச் சொன்ன ஆளுங்கல்லாம் இன்னிக்கும் நிம்மதியா வெளியதான் இருக்காங்க,” என்றார் தோரா. “வாயை மூடு. கார் சத்தம் கேக்குது.”

வந்தவர் டெல்மர் கிரான். எழுபது வயது, ஒரு கையில் காபி பிளாஸ்க், இன்னொரு கையில் டோனட் பெட்டி. அந்த ஓடுபாதையில் அவரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. முப்பது வருஷமாக அங்கே கட்டப்படும் ஒவ்வொரு விமானத்தையும் சரிபார்த்துச் சிவப்புக் கோடு போடுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் கோடு போட்டுவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளைத் தைரியமாக ஏற்றிக்கொண்டு பறப்பார்கள்.

“கூப்பிட்டீங்கன்னு ஓடி வந்தேன் மேடம். தம்பி, டோனட் எடுத்துக்கோ. பாவம் அந்தப் பொண்ணு. அவ மேல கேஸ் போடாம எப்படியாவது பாருங்க. சின்னக் கவனக்குறைவு. யாருக்கும் வரும்.”

“அதுக்குத்தான் உங்க உதவி வேணும்,” என்றார் தோரா. “நீங்க கடைசியா எப்போ இங்க வந்தீங்க?”

“போன வியாழக்கிழமை. அப்புறம் வடக்கே வேட்டைக் குடிசைக்குப் போயிட்டேன். விஷயம் கேள்விப்பட்டதும்தான் திரும்பினேன். ஷெரிஃப்கிட்டயும் சொன்னேனே.”

“சொன்னார். ஒரு சந்தேகம். கட்டை முன்னால நின்னா உள்ளே இருக்கறவன் நிஜமாவே திறக்க முடியாதான்னு செஞ்சு பார்க்கணும். எனக்கு முட்டி இல்ல. இவனுக்கு ஸ்பேனரும் சூப் கரண்டியும் ஒண்ணு. பழைய கட்டை ஷெரிஃப்கிட்ட வாங்கின பையில இருக்கு, அதைத் தொடக் கூடாது. இந்தப் புதுசை நீங்க மாட்டித் தர முடியுமா?”

“இதென்ன பெரிய வேலை!”

தோராவின் கண் மைலோ பக்கம் திரும்பியது. அவன் முனகிக்கொண்டே இறக்கையில் ஏறி, சீட்டில் இறங்கி, மூடியை இழுத்து மூடினான்.

உள்ளே வெளி உலகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டன. கம்பளத்தில் அந்தத் திரவத்தின் நாற்றம் இன்னும் மிச்சம் இருந்தது. முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஐந்து விரல் ரேகைகளோடு ஒரு உள்ளங்கைத் தடம். அது யாருடையது என்று மைலோ யோசிக்க விரும்பவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான்.

ஒரு சாண் தூரத்தில் டெல்மரின் கைகள் வேலை செய்தன. கட்டையைத் தண்டவாளத்தில் செருகி, மூடியை முட்டும்வரை தள்ளி, போல்ட்டை நுழைத்து, நட்டை முடுக்கினார். அழகான கைகள். ஒரு அசைவு வீணில்லை. தோரா வேண்டுமென்றே அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வடக்கே இந்த வருஷம் மான் எப்படி, குடிசையில் எலித் தொல்லை உண்டா என்று. டெல்மர் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னபடியே ஸ்பேனரை இடது கைக்கு மாற்றினார். வலது கை சட்டைப் பைக்குள் போனது. சின்னக் குப்பியின் மூடி திறந்தது. தூரிகை நட்டின் மேல் ஒரே இழுப்பாக ஓடியது. குப்பி மறுபடி பைக்குள் போய்விட்டது. அவர் கண் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புது நட்டின் மேல் ஈரச் சிவப்பு பளபளத்தது.

மைலோ கண்ணாடி மூடியைப் பிடித்துத் தள்ளினான். அசையவில்லை. காலை உதைத்துத் தோளால் முட்டினான். மலை மாதிரி நின்றது. “பாஸ்!” என்று கத்தினான். அவன் சத்தம் அவன் காதிலேயே மோதியது.

தோரா அவனைப் பார்க்கவில்லை.

“டெல்மர், இப்போ என்ன செஞ்சீங்க?”

“நட்டை முடுக்கினேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அவ்வளவுதான்.”

“குனிஞ்சு பாருங்க.”

டெல்மர் பார்த்தார். தன் கையில் யாரோ எச்சில் துப்பியது போலப் பார்த்தார். தோரா கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பழைய கட்டை. நட்டின் மேல் உடைந்துபோன மஞ்சள் கோடு. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

“ஷெரிஃபுக்கு இது ஏதோ பெயிண்ட்டு. பாவம், அந்தப் பொண்ணு இதைத் திரும்பிப் பார்க்கற நிலைமையில இல்ல. நீங்க வியாழக்கிழமைக்கு அப்புறம் இங்க வரலை. கட்டை ஞாயித்துக்கிழமைதான் விமானத்துல ஏறிச்சு. உங்க சிவப்பு இதுல எப்படி வந்துது? எனக்கு ஒரே ஒரு குழப்பம்தான் இருந்துது. கொலை பண்றவன் கையெழுத்துப் போட்டுட்டா போவான்? இப்போ தெரிஞ்சுபோச்சு. போட்டது உங்களுக்கே தெரியாது.”

தோரா பையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கோடு நடுவுல உடைஞ்சிருக்கு பாருங்க. இறுக்கினப்போ போட்டது. அப்புறம் தளர்த்தியிருக்கீங்க. நெடியில கண் எரிஞ்சிருக்கும், தடவித் தடவியே திருப்பியிருப்பீங்க.”

டெல்மரின் இடது கையில் ஸ்பேனர் இன்னும் இருந்தது. அவர் மெல்லத் தலையைத் திருப்பிக் கண்ணாடிக்குள் மைலோவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிற பார்வை. வெளியே ஒரு நொண்டிக் கிழவி, உள்ளே ஒரு கூண்டுக்கிளி. டெல்மரின் உள்ளங்கை கட்டையின் மேல் வந்து படிந்தது.

தோரா ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. ஹேங்கர் மூலையைக் கைகாட்டினார். அங்கே நசுங்கிய விமான வால் ஒன்று சாத்தியிருந்தது. வசந்தத்தில் ஓடுபாதை முனையில் விழுந்து செத்த கிளேட்டன் என்ற விமானியின் விமானம்.

“உதிரி பாகத்துக்கு ஆகும்னு ஆரின் அதை எடுத்துட்டு வந்தார். நான் காலையில பார்த்தேன். அதுல இருக்கற நட்டுல ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. விரலால சுத்துது. ஆனா மேல சிவப்புக் கோடு இருக்கு. நீங்க பார்க்காமலே கோடு போட்டுட்டீங்க. கிளேட்டன் உங்க கோட்டை நம்பிப் பறந்தான். ஆரின் அதைச் சங்கக் கூட்டத்துல சொல்லப் போறேன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பார், இல்லையா?”

ஸ்பேனர் இருந்த கை மெல்லத் தாழ்ந்தது.

“முப்பது வருஷம் மேடம்,” என்றார் டெல்மர். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. “ஒவ்வொரு நட்டா எவனால பார்க்க முடியும்? கை அது பாட்டுக்குப் போட்டுடும். ஆரின்கிட்ட கெஞ்சினேன். இனிமே தொடவே மாட்டேன், ஒதுங்கிடறேன்னு சொன்னேன். கிளேட்டன் பெண்டாட்டிக்கு உண்மை தெரியணும்னு ஒரே பிடிவாதம். என் பேரு இந்த ஊர்ல என்ன ஆகும்?”

தோரா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைலோவும் பார்த்தான்.

மாரிட் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். கூப்பிடும் வரை காரில் இருக்கச் சொன்னதை அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் டெபுடி நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எல்லாமே கேட்டிருக்கும் போலிருந்தது.

அவள் நேராக விமானத்துக்கு வந்தாள். டெல்மர் முன்னால் கையை நீட்டினாள். அவர் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டார். அவள் நட்டைத் திருப்பி, கட்டையைத் தள்ளி, மூடியைத் திறந்தாள். மைலோ இறக்கை மேல் விழுந்தடித்து வெளியே வந்து காற்றைக் குடித்தான்.

“டெல்மர் மாமா,” என்றாள் மாரிட். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். “அப்பா உங்களைப் பார்த்தாரா?”

“வேணாம்மா.”

“பார்த்தாரா?”

டெல்மர் தரையைப் பார்த்தார்.

“மூடி வரலைன்னதும் திரும்பினார். நான் பின்னால நிக்கறதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிடுச்சு. அப்பாடான்னு சிரிச்சார். விரலால கட்டையைக் காட்டினார், எடுத்து விடுன்னு.”

“நீங்க?”

“சரின்னு தலையாட்டிட்டு அப்படியே நின்னேன்.”

டெபுடி அவர் தோளைத் தொட்டான். டெல்மர் தானாகவே முன்னால் நடந்தார்.

மாரிட் தன் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“என் கை இல்ல,” என்றாள்.

“உன் கை இல்லம்மா,” என்றார் தோரா. மடங்காத முட்டியோடு சிமெண்ட் தரையில் இறங்கி உட்கார்ந்து, அவளையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். திங்கட்கிழமையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். தன் கையாகவே இருந்திருந்தால்கூடத் தேவலை என்பது போல அழுதாள்.